வின் ஓவரா, வின் அவுட்டா? இணங்க வைத்தலும் வெல்லுதலும்: முக்கியக் குறிப்புகள்

எஸ்.பி.எம். ஆங்கில மரபுத்தொடர்கள். எடுத்துக்காட்டுகள், பேராக் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் (1919–1979) வாழ்விலிருந்து.

பின்புலம்
• 1950களில் ஐரோப்பியர் பலர் தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றனர். அவை துண்டு துண்டாகக் கைமாறின. இதுவே தோட்டத் துண்டாடல். பால்மரத் தொழிலாளர் பலர் வேலையோடு, குடியிருந்த லயத்தையும் இழந்தனர்.
• 1960: சம்பந்தன் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடக்கம். தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்குவது நோக்கம்.
• 1961: முதல் தோட்டம், கெடாவின் புக்கிட் சீடிம்.

இணங்க வைத்தல்
1. வின் ஓவர்: தயங்குபவரைத் தம் பக்கம் சேர்ப்பது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர் ஆதரவைத் திரட்டியதற்குப் பொருந்தும்.
2. டாக் இன்டு: பேசியே ஒன்றைச் செய்ய வைப்பது (பங்கு வாங்க வைத்தது). எதிர்ப்பதம் டாக் அவுட் ஆஃப். இரண்டையும் அடுத்து வரும் வினை 'இங்' என முடியும்.
3. பிரிவெயில் அபான்: எடுத்துச் சொல்லி இசைய வைப்பது. கட்டுரை நடைக்கு ஏற்றது. ஆளைக் குறிக்கும் சொல்லுக்கு அடுத்து 'டு' வரும்.
4. ட்விஸ்ட் சம்ஒன்ஸ் ஆர்ம்: நெருக்கிப் பணிய வைப்பது. வின் ஓவர் வரவேண்டிய இடத்தில் இதை எழுதினால் பாராட்டு பழியாகிவிடும்.

வெல்லுதல்
5. கெட் தி அப்பர் ஹேண்ட்: கை ஓங்குவது. துண்டாடலின்போது ஓங்கியிருந்தது நிலத்தை வாங்கி விற்றவர்களின் கை.
6. வின் அவுட்: இழுபறிக்குப் பின் முடிவில் வெல்வது. யாரை வென்றார் என்று சொல்ல 'ஓவர்' சேர்க்க வேண்டும்.
7. கேரி தி டே: வாதத்திலோ போட்டியிலோ வெல்வது. ஆள் மட்டுமல்ல, கருத்தும் எழுவாயாகலாம். இறந்தகாலம்: கேரீட்.
8. பிரிவெயில் ஓவர்: எதிரியையோ தடையையோ வெல்வது.

நினைவில் வைக்க
• வினை ஒன்றே. பொருளை மாற்றுவது அடுத்து வரும் சின்னச் சொல்.
• வின் ஓவர், பிரிவெயில் அபான்: மனத்தை மாற்றுதல்.
• வின் அவுட், பிரிவெயில் ஓவர்: மேலோங்குதல்.

மாதிரி வினா: பொருந்தும் தொடர் எது?
அ) தயங்கிய தொழிலாளர்கள் சங்கத்தில் சேர முன்வந்தனர்.
ஆ) பல தடைகளுக்குப் பின், 1961இல் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

விடை: அ) வின் ஓவர். ஆ) வின் அவுட்.