சக்கரத்தில் சுற்றிய பஞ்சு

ராஜபாளையத்தில் மில் சங்கு கேட்டு வளர்ந்தவன் நான். பஞ்சைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரிப் போட்டியில் தோற்கும்வரை.

பிள்ளைகளுக்கு ரோபோ சொல்லிக்கொடுப்பது எங்கள் வீட்டு முன்னறையில். பழைய சிவப்பு சிமெண்ட் தரை. கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் எங்கள் வண்டி அதில் தண்டவாளம் பிடித்ததுபோல வளையும். போட்டியிலோ வழவழ டைல்ஸ், அதன் மேல் ஃப்ளெக்ஸ். முதல் வளைவிலேயே வண்டியின் பின்பக்கம் வெளியே வீசிவிட்டது.

"கோடு நல்லாத்தான் தெரியுது சார். சக்கரம் சுத்துது, வண்டிதான் போக மாட்டேங்குது" என்றாள் எட்டாம் வகுப்புக்காரி ஒருத்தி. நான் காதில் வாங்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து புரோகிராமில் எண்களை மாற்றினேன், வேகத்தைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட மோசமானது.

வீட்டுக்கு வந்து சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தால், ரப்பரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம். முந்தைய மூன்று நாளும் வண்டி இருந்தது சத்திரப்பட்டியில், பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு வீட்டில். தறிப் பஞ்சு ரப்பரில் படிந்து, ரப்பருக்கும் தரைக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டது. பேக்கிங் டேப்பைப் பசைப்பக்கம் வெளியே வைத்துச் சக்கரத்தில் உருட்டினேன். வளையம் அப்படியே உரிந்து வந்தது.

மோட்டார் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், தரை பிடித்துக்கொடுக்கும் அளவுக்குத்தான் வண்டி நகரும். ஒரு கிலோ வண்டியின் எடை சுமார் 10 நியூட்டன். உராய்வுக் கெழு 0.8 என்றால் அதிகபட்சத் தள்ளுவிசை 8 நியூட்டன். தூசியால் கெழு 0.4 ஆனால் 4தான். அதற்கு மேல் கொடுக்கும் விசை சக்கரத்தைச் சும்மா சுழற்றும். வளைவில் இன்னும் சிக்கல். இருக்கிற பிடியை முன்னே தள்ளுவதற்கே செலவழித்துவிட்டால், பக்கவாட்டில் தாங்க மிச்சம் இருக்காது. அன்று வேகத்தைக் கூட்டி நான் செய்தது அதைத்தான். என்கோடரும் காப்பாற்றாது, அது எண்ணுவது சக்கரம் சுற்றியதை, வண்டி போன தூரத்தை அல்ல.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரின் சக்கரம் சும்மா உருளத்தான் செய்கிறது. தரையைப் பிடிப்பது வடம் இழுப்பவர்களின் கால்கள். எங்கள் வண்டியில் முன்னால் இருக்கும் உருண்டைச் சக்கரமும் அப்படித்தான், சும்மா உருளும். அதன் மேல் விழும் எடை வீண். அதனால் பேட்டரியைப் பின்னால் தள்ளி, மோட்டார் சக்கரங்களுக்கு நேர் மேலே வைத்தோம். பைசா செலவில்லை.

தரையைச் சோதிக்க இப்போது ஒரு பலகை போதும். அதில் ஃப்ளெக்ஸ் துண்டை ஒட்டி, சக்கரம் சுற்றாதபடி நூலால் கட்டிய வண்டியை வைத்து ஒரு முனையை மெல்லத் தூக்குவோம். எப்போது சறுக்குகிறதோ அப்போது நிறுத்தி, தூக்கிய உயரத்தை அடிப்பக்க நீளத்தால் வகுத்தால் கெழு கிடைத்துவிடும். அது சரிவுக் கோணத்தின் டேன் மதிப்பு, 31 டிகிரியில் சறுக்கினால் 0.6. பிள்ளைகளுக்கு டேன் வாய்ப்பாடு மனதில் நின்றது இந்தப் பலகையால்தான். பத்தாம் வகுப்பில் நான் அதை மனப்பாடம் செய்த கஷ்டம் எனக்குத்தான் தெரியும்.

பிடி வேண்டும் என்று பசை தடவுகிறவர்களும் உண்டு. பல ரோபோ சுமோ போட்டிகளில், வண்டியை ஏ4 தாள் மேல் வைத்துத் தூக்கும்போது தாள் 2 நொடிக்கு மேல் ஒட்டிக்கொண்டு வந்தால் அனுமதியில்லை. மெத்தென்ற சிலிகான் டயரை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிடி அதிகமாக இருக்கும் அளவுக்குத் தூசியும் அதிகமாகப் பிடிக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு ஓட்டுங்கள். டயர் பழசாகி இறுகிவிட்டால் துடைத்தும் பயனில்லை, மாற்றிவிட வேண்டியதுதான்.

போன முறை போட்டிக்குப் போனபோது, அரங்க வாசலில் வரவேற்புக் கோலம் பெரிதாகப் போட்டிருந்தார்கள். மற்ற அணிகள் அதன் ஓரத்திலேயே வண்டியை இறக்கி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. எங்கள் எட்டாம் வகுப்புக்காரி, இப்போது ஒன்பதாவது, குனிந்து தரையை உள்ளங்கையால் தேய்த்து என்னிடம் காட்டினாள். கை வெள்ளையாக இருந்தது.

"இங்க இறக்க வேண்டாம் சார்" என்று வண்டியைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே தூக்கிப் போனாள்.