ஓடையின் வாட்டம் அறிதல்

1906-ல் முடிவுற்ற பேச்சிப்பாறை அணையின் ஜலத்தை நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தள்ளிவரும் யந்திரம் யாதொன்றுமில்லை. பள்ளம் நோக்கிப் பாயும் இயல்பினாலேயே அஃது ஓடி வருகின்றது. அதற்கேற்ற வாட்டத்தை அளந்து அமைத்ததே எஞ்சினீயரின் வித்தை. 1966-ல் கட்டப்பெற்ற மாத்தூர்த் தொட்டிப்பாலம் 28 தூண்களின்மேல், 115 அடி உயரத்தில், பறளியாற்றைக் கடந்து ஜலத்தைக் கொண்டுசெல்வதும் அவ்வாறே.

இவ்வித்தை நமக்கும் கைகூடும். ஓடையில் மேலும் கீழுமாக இரண்டு முளைகளை நடுக. உள்ளே தெரியும் நீண்ட குழாயில் குமிழியின்றி ஜலம் நிரப்பி, இரு முனைகளையும் முளைகளருகே உயர்த்திப் பிடித்தால், ஜலம் இரண்டிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். அம்மட்டத்தை முளைகளிற் குறித்து, குறியினின்றும் ஓடையின் தரைவரை அளக்க. கீழ்முளையின் அளவு அதிகமாயின் வாட்டம் உண்டு. குறைந்தால் அவ்விடம் மேடிட்டுள்ளது. அதனை வெட்டி நீக்குக.

கடைமடை காய்வதற்கு மேல்மடைக்காரரைப் பழிக்குமுன், அங்கத்தினர்கள் ஒருங்கு கூடி அளந்து பார்ப்பார்களாக.