உப்புக்காற்றின் மேல் பழி

கல்பாக்கத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ பழைய கார் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் இந்த வசனம் வந்துவிடும்: “இங்க கடல் காத்து சார், பெல்ட்டைத் தின்னுடும்.” கேட்கிறவரும் தலையாட்டுவார். புதுப்பட்டினத்தில் ஒரு ஃபேன் பெல்ட் வாங்கி மாட்டுவார். சில மாதங்களில் அதுவும் ஓரம் பிய்ந்து நூல் தொங்க, பழி மறுபடியும் காற்றின் மேல் விழும். பெல்ட் விற்கிறவருக்கு இதைவிட நல்ல நம்பிக்கை வேறு எதுவும் கிடைக்காது.

ஃபேன் பெல்ட் நெடுங்காலம் நியோப்ரீன் ரப்பரில் செய்யப்பட்டது. 1990களில் இருந்து இபிடிஎம் என்ற ரப்பர் மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது. ஆழ்கடலில் மூழ்குகிறவர்கள் உடம்போடு ஒட்டி அணியும் உடுப்பு இருக்கிறதே, அது நியோப்ரீன்தான். உப்புத் தண்ணீருக்குள்ளேயே கிடந்து வருகிற பொருளை, டவுன்ஷிப் வீட்டு வாசலில் பானெட்டுக்குள் ஒளிந்திருக்கும்போது காற்று தின்றுவிடுகிறதாம்! ரப்பருக்கு எதிரிகள் உண்டு. எஞ்சின் சூடு, ஒழுகும் ஆயில், காற்றிலுள்ள ஓசோன் ஆகியவை அதைக் கெடுக்கும். உப்பு அந்த வரிசையில் நிற்பதே இல்லை.

உப்பு தின்பது இரும்பை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது சிக்ரி, இந்தியாவுக்கு ஓர் அரிமான வரைபடமே தயாரித்திருக்கிறது. மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றில் வைத்துச் சோதிக்க அதற்கென்று ஒரு நிலையமும் உண்டு. கல்பாக்கத்திலேயே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அரிமானத்தை ஆராய ஒரு பிரிவு இயங்குகிறது. இத்தனை பேரும் கவலைப்படுவது உலோகத்தைப் பற்றி. காரிலும் அதைத்தான் பார்க்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அது ஓடும் புல்லியை யாராவது பார்த்தார்களா?

தினமும் ஓடும் காரில் புல்லியின் பள்ளம் பெல்ட் உரசி உரசிப் பளபளவென்று இருக்கும். அதே காரை மூன்று வாரம் வெளியில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போய் வந்தால், அந்தப் பளபளப்பின் மேல் துரு பூத்திருக்கும். பிறகு சாவியைத் திருப்பியதும் பெல்ட் ஓடுவது உப்புத்தாளின் மேல். ஓய்வுபெற்றவர்கள் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் மாருதி 800-ல் பெல்ட் சீக்கிரம் தேய்வதும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாள் முழுக்க ஓடும் வாடகைக் காரில் அது நெடுநாள் வருவதும் இதனால்தான். ஒரே காற்றுதானே இரண்டின் மேலும் அடிக்கிறது?

பள்ளத்தில் லேசான துரு என்றால் எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, நைசான எமரி தாளால் துடைத்தால் போதும். குழி விழுந்திருந்தால் புல்லியை மாற்றியே ஆக வேண்டும்.

ஆனால் பெல்ட் ஒரு பக்கம் மட்டும் உரசித் தேய்ந்தால் காரணம் வேறு. புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம். பழைய அம்பாசிடரில் கிராங்க் புல்லி, வாட்டர் பம்ப், டைனமோ மூன்றையும் சுற்றி ஒரே பெல்ட். மாருதி 800-ல் ஆல்டர்னேட்டருக்கும் வாட்டர் பம்புக்கும் ஒன்று, ஏசி இருந்தால் அதற்குத் தனியாக இன்னொன்று. இரண்டு கார்களின் உற்பத்தியும் 2014-ல் நின்றது. ஆக, இவற்றில் இன்று ஓடும் மிகப் புதிய வண்டியின் ஆல்டர்னேட்டர்கூட ஒரு தடவையாவது கழற்றி மாட்டப்பட்டிருக்கும். துருப்பிடித்த போல்ட்டைச் சுத்தியலால் தட்டி எடுக்கும்போது பிராக்கெட்டுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவிலிருந்த ஒரு வாஷர் கீழே உருண்டு ஓடும். யாரும் குனிந்து தேடுவதில்லை. அந்த ஒரு வாஷர் கனத்துக்குப் புல்லி உள்ளே தள்ளிப்போக, பெல்ட் கோணலாக ஓடி, புல்லியின் விளிம்பில் உரசி, ஒரு பக்கம் மட்டும் கறுப்புப் பொடி கொட்டும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் நின்றிருக்கும்போது ஓர் இரும்பு ஸ்கேலை இரண்டு புல்லிகளின் முகத்திலும் படுமாறு வைத்துப் பார்க்கலாம். புல்லிகளின் விளிம்புக் கனம் வேறாக இருந்தால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஓர் அடி இடைவெளிக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இருந்தால் சரிசெய்யாமல் புது பெல்ட் போடுவது வீண் செலவு. பல பள்ளங்கள் கொண்ட தட்டை பெல்ட் உள்ள காரில் பெல்ட் கீச்சிட்டால் இன்னொரு சோதனை: ஓடும் பெல்ட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். சத்தம் சட்டென்று அடங்கித் திரும்ப வந்தால் கோணல். கூடினால் பிடிமானம் போதவில்லை. வேட்டி நுனி, துண்டு, துப்பட்டா எதுவும் அருகில் போகக் கூடாது.

கிராங்க் புல்லியிலும் ஒரு கள்ளத்தனம் உண்டு. பல கார்களில் அது ஒரே வார்ப்பு அல்ல. நடுக்குடத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே ரப்பர் ஒட்டியிருக்கும். வயதான ரப்பர் விட்டுப்போனால் வளையம் மெல்ல நழுவி வெளியே வரும். குடத்தையும் வளையத்தையும் சேர்த்து சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கோடு இரண்டாக விலகினால் புல்லி செத்தது.

“டைட் வெச்சா சத்தம் போயிடும்” என்பது அடுத்த கட்டுக்கதை. வி பெல்ட் பிடிப்பது பக்கவாட்டுச் சுவர்களால். ஆப்பு மாதிரி பள்ளத்தில் சிக்கிக்கொண்டுதான் அது இழுக்கிறது. தேய்ந்து அடியைத் தொட்டுவிட்ட பெல்ட் எத்தனை இறுக்கினாலும் வழுக்கும். மிகையாக இறுக்கினால் வாட்டர் பம்ப் பேரிங்கும் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் போகும். பம்ப் போனால் எஞ்சின் கொதிக்கும். சில நூறு ரூபாய் வேலை சிலிண்டர் ஹெட் வேலையில் முடியும். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பொதுவாக ஒரு சென்டிமீட்டர் வாக்கில் இறங்க வேண்டும். சரியான அளவு அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கும்.

சோப்பு தடவுவது, மெழுகுவத்தி தேய்ப்பது எல்லாம் சத்தத்தை மூடுகிற வேலை. தடவியது பள்ளத்தில் புழுதியைப் பிடித்து வைக்கும். விரிசல் இல்லாத பெல்ட் நல்ல பெல்ட் என்பதும் பழைய கணக்கு: இபிடிஎம் பெல்ட் லேசில் வெடிக்காது, பள்ளம் ஆழமாகித் தேயும். பெல்ட் கெடுவதற்குக் கல்பாக்கம் அணுமின் நிலையக் கதிர்வீச்சைக் காரணமாக இழுப்பவர்களுக்கு ஒரே பதில்தான். பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். ரப்பரைக் கெடுக்க அதைப்போல் பல கோடி மடங்கு வேண்டும். அணு உலைகளுக்குள் ஓடும் கேபிள்களின் உறையே இபிடிஎம் ரப்பரில் வருகிறது.

இத்தனை பெல்ட்டுகள் வீணாவதற்கு மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. பெல்ட்டுக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிற அதே ஆள், ஸ்கேல் வைத்து அரை மணி நேரம் குனிந்து பார்த்ததற்குக் கூலி கேட்டால், “என்னப்பா, சும்மா பார்த்ததுக்கா?” என்று சண்டைக்கு வருகிறார். பார்ப்பதற்குக் காசு கிடையாது, மாற்றினால்தான் காசு என்றால் எந்தப் பட்டறையும் மாற்றத்தான் செய்யும். அடுத்த முறை பெல்ட் பிய்ந்தால் பழையதைக் கையில் வாங்கி எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, புல்லி லெவல் பார்க்க எவ்வளவு கூலி என்று முதலில் கேட்கலாம். பேரத்தைப் பெல்ட் விலையில் வைத்துக்கொள்ளலாம்.