பழைய புல்லட் வைத்திருப்போர் கவனத்திற்கு

திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவாகி, வலக்காலில் கியரும் இடக்காலில் பிரேக்கும் கொண்ட பழைய 350 சி.சி. புல்லட்டை வெறும் பலத்தினால் உதைத்து எழுப்ப முயல்வது விரயமான பிரயாசையேயாகும். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே வந்து, ஹெட்லைட் கூட்டிலுள்ள ஆம்பியர் மீட்டரின் முள் மத்திக்குத் திரும்பும் க்ஷணத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஸர் பிடியை இழுத்தவாறு இன்னும் சற்றே கீழே தள்ளி, பிடியை விட்டு, கிக்கரை முழுவதும் மேலே வரவிட்டு, பின்பு நிதானமாக ஒரே உதை கொடுத்தால், வண்டி பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே உயிர்பெறும்.

பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அங்கே ஈரம் சேருமாதலால், உலர்ந்த துணியால் துடைத்தல் அவசியம்.

தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்கு ஆறுகள் ஐந்தைக் கடந்து செல்லும் பிரயாணத்தைப்போல் மனத்துக்கு ஆனந்தமளிப்பது வேறில்லை என்பேன். எனினும் தை, மாசி அறுவடைக் காலத்தில், சாலையிலே காயப்போட்ட நெல்லின்மீது டிரம் பிரேக்கைச் சடுதியில் அழுத்தினால் சக்கரம் வழுக்கும். வைக்கோல் செயினில் சுற்றிக்கொண்டால் இன்ஜினை நிறுத்திய பின்னரே கை வையுங்கள். சூடான சைலன்சரில் ஒட்டிய வைக்கோலோ தீப்பற்றவும் கூடும்.

பதிவுச் சான்றிதழை, 15 ஆண்டுகள் கடந்தபின், 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.