மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய்

ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் கொலஸ்ட்ரால் கூடியிருந்தது. "கொழுப்பைக் குறைங்கம்மா" என்றார் டாக்டர். எவ்வளவு என்று கேட்காமல் வந்துவிட்டேன். இரண்டு வாரம் எண்ணெயையே தொடவில்லை. நாலு மணிக்கெல்லாம் பசி பிடுங்கும். கையில் கிடைத்த பிஸ்கட்டைத் தின்பேன். அடியோடு நிறுத்துவது தவறு என்று பிறகுதான் புரிந்தது. ஏ, டி, இ, கே வைட்டமின்களை உடல் ஏற்கக் கொழுப்பு வேண்டும். சில கொழுப்பு அமிலங்களை உடலால் உண்டாக்கவே முடியாது. அவை சாப்பாட்டில்தான் வர வேண்டும்.

அப்புறம்தான் கணக்குப் போட உட்கார்ந்தேன். நாற்காலி வேலை பார்க்கும் 55 கிலோ பெண்ணுக்கு நாளுக்கு 1,660 கலோரி என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை; 65 கிலோ ஆணுக்கு 2,110. என் எடையும் ஏறக்குறைய 55தான். கொழுப்பிலிருந்து வரும் கலோரி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,660இல் 30 சதவீதம் 498. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. வகுத்தால் 55 கிராம். அது மேல் வரம்பு. 25 சதவீதம் என்றால் 46. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது என்று முடிவு செய்தேன்.

தினமும் ஒவ்வொரு கவளத்தையும் எடை போட யாரால் முடியும்? மளிகைச் சீட்டை எடுத்தேன். நாலு பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய். லிட்டர் சுமார் 910 கிராம். 30 நாளுக்கும் நாலு பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு 38 கிராம். (பொரித்து மிஞ்சியது, கடையில் தின்ற வடை எல்லாம் இதில் பிடிபடாது; ஆனால் எங்கே நிற்கிறோம் என்று காட்டிவிடும்.)

கண்ணுக்குத் தெரியாதது இன்னும் இருந்தது. 30 கிராம் தேங்காய்த் துருவலில் 10 கிராம் கொழுப்பு. ஆரஞ்சு பாக்கெட் பால் 200 மில்லியில் 12. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 10. அரிசி, பருப்பில் ஓர் ஐந்து. மொத்தம் 75!

இன்னொரு வரம்பும் உண்டு. நிறைவுற்ற கொழுப்பு கலோரியில் 10 சதவீதத்துக்குள், அதாவது எனக்கு 18 கிராமுக்குள் இருக்க வேண்டும். அந்தத் தேங்காய்த் துருவலிலேயே 9 போய்விடுகிறது. நெய்யை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டுக் கெட்டிச் சட்னியை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று அன்றுதான் தெரிந்தது.

வேர்க்கடலையை விடவில்லை, அதில் பெரும்பகுதி நல்ல கொழுப்பு. பாலைக் கொழுப்பு குறைந்த நீல பாக்கெட்டுக்கு மாற்றினோம். சட்னியில் பாதித் தேங்காய், பாதி பொட்டுக்கடலை. எண்ணெய் பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதை நிறுத்தி, டீஸ்பூனால் அளந்தேன். ஒரு டீஸ்பூன் நாலரை கிராம்.

"எண்ணெய் இல்லாம கத்தரிக்காய் எப்படிம்மா வதங்கும்?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான். தட்டு போட்டு மூடி, இடையிடையே தண்ணீர் தெளித்து வதக்கிக் காட்டினேன். ருசி கொஞ்சம் மாறத்தான் செய்தது. சின்ன வெங்காயம் கூட்டிப் போட்டுச் சரிக்கட்டினோம்.

இப்போது மாதம் மூன்று லிட்டர். தலைக்கு 23 கிராம் எண்ணெய். மற்றதெல்லாம் சேர்த்து 50க்குள் நிற்கிறது. அத்தை வதக்கும்போதும் அடுப்பருகே ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கிறது.