வாசிப்பு இடர்பாடும் மூளைப் படங்களும்

(விஞ்ஞானம்: இயைபாக்கம் – மேலதிக வாசிப்பு)

வாசிக்கும்போது மூளையத்தில் என்ன நிகழ்கிறது எனக் கேட்டால், மாணவர் பலர் "கண் எழுத்தைப் பார்க்கிறது" என்பதோடு விடையை நிறுத்திவிடுகின்றனர். வாசிப்பு அதன் பின்னரே தொடங்குகிறது.

பார்வை, கேட்டல், அறிவாற்றல் ஆகியவற்றில் குறைவின்றி, முறையாகக் கற்பிக்கப்பட்டும் சொற்களை வாசிப்பதில் இடர்ப்படும் நிலை டிஸ்லெக்சியா எனப்படும். 1896 இல் பிரித்தானிய வைத்தியர் பிரிங்கிள் மோர்கன், கணக்கில் இடர்ப்படாத, ஆனால் வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அந்நிலையை அன்று "சொற்குருடு" என்றனர். இப்பெயர் பொருத்தமற்றது. எழுத்தை அதற்குரிய ஒலியுடன் விரைந்து இணைப்பதிலேயே பெரும்பாலும் இடர்பாடு உள்ளது.

இதனை மூளைப் படங்கள் எவ்வாறு காட்டுகின்றன? தொழிற்படும் நரம்புக்கலங்களுக்கு ஒட்சிசன் கூடுதலாகத் தேவை. ஆகவே அப்பகுதிக்குக் குருதிப் பாய்ச்சல் அதிகரிக்கும். ஒரு முறையில், கதிர்த்தொழிற்பாடுள்ள ஒட்சிசன்-15 (அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 2 நிமிடம்) அடங்கிய நீர் நாளத்தினுள் செலுத்தப்பட்டு, வெளிவரும் கதிர்கள் அளக்கப்படும். மற்றைய முறையில் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் எதுவுமில்லை. ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபினுக்கும் ஒட்சிசன் இழந்த ஈமோகுளோபினுக்கும் உள்ள காந்த இயல்பு வேறுபாடே பயன்படுகிறது. படத்திற் காணும் சிவப்பும் மஞ்சளும் கணினி இட்ட நிறங்கள் என்பதைக் கவனிக்க.

2001 இல் எரால்டோ பவுலேசு குழுவினர் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. இத்தாலி, பிரான்சு, பிரித்தானியா ஆகிய நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்கள் முதல் முறையில் படம் பிடிக்கப்பட்டனர். இத்தாலிய மொழியில் எழுத்தும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆங்கிலத்திலோ ஓ, யூ, ஜி, எச் என்னும் அதே எழுத்துத் தொடர் "ரஃப்" என்பதில் ஒரு விதமாகவும் "த்ரூ" என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்கும். (தமிழிலும் "கல்", "தங்கம்" ஆகியவற்றில் ககரம் ஒரே விதமாக ஒலிப்பதில்லை, ஆயினும் அதற்கு விதி உண்டு.)

டிஸ்லெக்சியா உள்ள இத்தாலியர் மற்றைய இரு நாட்டவரிலும் பார்க்கப் பிழை குறைவாக வாசித்தனர். ஆனால் தம் நாட்டு மாணவரோடு ஒப்பிடும்போது அவர்களும் பின்தங்கியே இருந்தனர். மூன்று நாட்டவரிலும் இடது மூளையத்தின் பக்கப்புறத்தில், காதுக்கு மேலும் பின்னுமாக உள்ள அதே பகுதியில் தொழிற்பாடு குறைந்து காணப்பட்டது. மூளையிலுள்ள காரணம் ஒன்று; அது வெளிப்படும் அளவை மொழியின் எழுத்துமுறை மாற்றுகிறது.

வளர்ந்தோரில் இந்நிலை மாறாது என எண்ண வேண்டாம். 2004 இல் ஐக்கிய அமெரிக்காவில் கினெவியர் ஈடன் குழுவினர் டிஸ்லெக்சியா உள்ள வளர்ந்தோருக்கு 8 வாரங்கள் ஒலிசார் பயிற்சி அளித்தபோது, வாசிப்புத் திறனும் மூளையின் சில பகுதிகளின் தொழிற்பாடும் கூடின. அவற்றுட் சில வலது பக்கத்தில் இருந்தன.

இவை யாவும் குழுக்களின் சராசரிகள். தனியொருவரின் மூளைப் படத்தை மட்டும் பார்த்து அவருக்கு டிஸ்லெக்சியா உண்டெனக் கூற இயலாது. அதற்கு வாசிப்புச் சோதனைகளே தேவை.

மாதிரி வினா: "எழுத்துமுறை எளிதான நாட்டில் டிஸ்லெக்சியா இராது." இக்கூற்றை மறுத்து எழுதுக.

விடைக்குறிப்பு: வாசிப்பில் காணப்பட்டதையும் மூளைப் படத்தில் காணப்பட்டதையும் வெவ்வேறாக எழுதுக. "பிழை குறைவு" என்பதை மட்டும் எழுதினால் அது கூற்றை மறுப்பதாகாது, ஆதரிப்பதாகிவிடும்.