காற்றின் மாசைக் கணிப்போர்க்கு வேண்டும் பயிற்சி

1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரை மூடிய நிலக்கரிப் புகை, ஏறத்தாழ 4,000 உயிர்களைக் கவர்ந்ததென அக்காலத்தே கணக்கிட்டனர். பின்வந்த ஆய்வாளர் அதனினும் மிகுதியென்பர். அந்நாட்களில் அடுப்புகள் பன்மடங்கு பெருகினவோ? இல்லை. குளிர்ந்த காற்று நிலத்தையொட்டிக் கிடக்க, வெம்மையான காற்று அதன்மேல் மூடிபோல் அமைந்தது; புகை மேலெழ வழியில்லை.

ஆதலின், காற்றின் மாசை முன்னறிந்து கணிக்கும் தொழிலை நாடுவோர் முதற்கண் பயிலவேண்டியது வானிலை நூலே என நாம் துணிகிறோம். தமிழ் வகுப்பினராகிய நாம் இதனைக் கூறுதல் நகைப்புக்கிடமாயினும் ஆகுக. 1961-இல் பாஸ்குவில் என்னும் ஆங்கிலேய அறிஞர், காற்றின் வேகம், வெயில், மேகம் ஆகிய எளிய குறிப்புகளைக் கொண்டே வளிமண்டலத்தின் நிலையை ஆறு வகுப்பாகப் பகுத்தார். புகைபோக்கியினின்று எழும் புகை எத்துணை பரவுமென்பதை அவ்வகுப்பாற் கணிக்கலாம். அதற்குக் கணிதம் வேண்டும். இரசாயனமும் வேண்டும், நிலத்தருகே தோன்றும் ஓசோன் புகைபோக்கியினின்று வருவதன்று, வெயிலிற் பிற வாயுக்கள் மாறுபட்டு ஆவது. கணினிக்கு நிரல் எழுதுதலோ சொல்லாமலே அமையும்.

இவற்றினும் அரியது பொறுமை. கணினி தந்த எண்ணும் அளவுகருவி காட்டும் எண்ணும் வேறுபடுங்கால், புகையின் கணக்குப் பிழையோ, காற்றின் திசை பிழையோ, கருவி நின்ற இடமே பொருந்தாததோ என ஒவ்வொன்றாய்த் தேடல் வேண்டும்.